ஒரே வம்சம்

ஆய்வுக்கூடத்து டாக்டரம்மா நிர்வாகியின் அறைக்குள் நுழைந்தபோது, குழந்தைகள் காப்பகத்தின் ஆயா துணிப்பையுடன் கதவோரம் நின்றிருந்தாள்.

"இவளை இப்பவே அனுப்பிடறேன், டாக்டர்" என்றாள் நிர்வாகி. "பிள்ளைங்களுக்கெல்லாம் வயித்துப்போக்கு. இவ வயித்துல ஒட்டுண்ணி இருக்குன்னு நீங்களே ஃபோன்ல சொன்னீங்களே."

"சொன்னேன். மீதியையும் சொல்லத்தான் நேர்ல வந்தேன்."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பிள்ளைங்களுக்கு வந்ததும் ஆயாகிட்ட இருக்கறதும் பேருக்குத்தான் ஒண்ணு. மரபணுவைப் பார்த்தா வேற வேற வம்சம். இவங்க கொடுத்ததில்ல."

"அப்ப யார் கொடுத்தது?"

"அதான் புரியல. இங்க வேலை செய்யற எல்லாரோட மலத்தையும் பார்த்தாச்சு. யாரோடதும் பொருந்தல."

"எங்கிட்ட ஒளிவுமறைவே கிடையாது, டாக்டர். முதல் டப்பாவே நான்தானே அனுப்பினேன்."

டாக்டர் சற்றுத் தயங்கினாள். "உங்களுக்கும் ஒட்டுண்ணி இருக்கு, மேடம். ஆயாவோடதும் உங்களோடதும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணு."

நிர்வாகியின் முகம் வெளிறியது, மறுகணமே தேறிக்கொண்டது.

"பாத்தீங்களா. பிள்ளைங்களை விட்டாலும் என்னை விடல இவ. இவ போட்ட டீயைக் குடிச்சா வேற என்ன வரும்?"

ஆயா பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள்.

டாக்டருக்கு மனம் ஒப்பவில்லை. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியிருக்கலாம்தான். ஆனால் இரண்டு டப்பாவிலும் அதே தக்காளி விதைகளுமா இருக்கும்?

அவள் இரண்டு புது டப்பாக்களை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"எதுக்கும் இன்னொரு தடவை பார்த்துடலாம். எங்கேருந்து வருதுன்னு தெரியாம மருந்து கொடுத்தா, போறதும் வர்றதுமாத்தான் இருக்கும். உங்க காப்பகத்துச் சின்னவனுக்கு ஆஸ்பத்திரியில சலைன் ஏறிட்டிருக்கு."

"அதுக்கென்ன, காலைல வந்துடும்" என்றபடியே நிர்வாகி, பழக்கதோஷத்தில், இரண்டு டப்பாக்களையும் ஆயாவின் பக்கம் நகர்த்தினாள்.

ஆயா ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"என் வேலை போனாப் போகட்டும், மேடம். அந்தச் சின்னவனுக்காகவாவது, இந்தத் தடவை உங்களோடதை நீங்களே கொடுத்துடுங்க."