நம்பிக்கையில்லாத் தீர்மானம்

“ஜெயிச்சாச்சு! ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம்!” என்று கூவிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தாள் வார்டு கவுன்சிலர்.

தெற்குத் தீயணைப்பு நிலைய அதிகாரியான அவள் கணவர் சீருடையைக்கூடக் கழற்றாமல் கொதித்துக்கொண்டிருந்தார்.

“நம்ம தெருவை மட்டும் பிச்சு எடுத்து வடக்கு ஸ்டேஷன் எல்லையில சேர்த்துட்டியாமே?”

“ரெண்டு ஸ்டேஷனும் நமக்கு ஒரே தூரம்தாங்க. எல்லையை மாத்துற அதிகாரம் கவுன்சிலுக்கு இருக்கு. மாத்திட்டோம்!”

“சொந்தப் பொண்டாட்டியே என் ஸ்டேஷனை நம்பலைன்னு ஊரே சிரிக்குதுடி!”

“ஸ்டேஷனை நம்புறேன். உங்களைத்தான் நம்பல.”

அவர் முகம் சுண்டிப்போனது. “இத்தனை வருஷ சர்வீஸ்ல என்மேல ஒரு குத்தம் சொல்லு பார்ப்போம்!”

“ஊரார் வீடுன்னா நிதானமாத்தான் அணைக்கிறீங்க. போன மாசம் நம்ம கிச்சன்ல தீப்பிடிச்சப்போ? வண்டியிலேருந்து குதிச்சு, மாஸ்க்கைக்கூட மாட்டாம, ‘அவ உள்ள இருக்கா’ன்னு புகைக்குள்ள பாஞ்சீங்க. நான் வாசல்ல நின்னு கத்தினது உங்க காதுல விழவே இல்ல.”

அவர் சீருடையின் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.

“இனிமே நம்ம வீடு எரிஞ்சா, பதறாத ஆளுங்க வந்து அணைக்கட்டும். நீங்க வாசல்ல என் பக்கத்துல நில்லுங்க.”