செயினில் துரு

ஜன்னல் வெயிலில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பொம்மை டாங்கி நிற்கிறது. என் கணவர் மூச்சை அடக்கிக்கொண்டு, ஸ்பாஞ்சுத் துண்டில் காவி வண்ணம் தொட்டு, அதன் சக்கரச் செயினுக்குத் துரு ஏற்றுகிறார். வீடு முழுக்க டர்பன்டைன் நாற்றம். ஆறு வாரம் வீடியோ பார்த்துக் கற்ற வித்தை. தன் செருப்பில் சேறு பட்டால் கழுவ என்னைக் கூப்பிடுகிறவர், இதற்குப் பல் குத்தும் குச்சியால் சேறு அப்புகிறார். நாளைக்குக் கண்காட்சி. ‘போரில் வென்று திரும்பும் டாங்கி’ என்று அட்டைகூட எழுதியாயிற்று. இருபது வருடமாக, இதே மாதிரிச் செயினில் ஓடும் புல்டோசரை ஓட்டும் என் அண்ணன் டீ கிளாஸோடு குனிந்து பார்க்கிறான்.

“மாப்ள, செயின்ல தரையில படுற பக்கம் எதுக்குத் துரு?”

“நிஜம் மாதிரி இருக்கணும்ல, மச்சான். சண்டைக்குப் போன வண்டி.”

“ஓடுற வண்டின்னா மண்ணு தேய்ச்சு அந்த இடம் பளபளன்னு இருக்கும். சும்மா கெடந்தாத்தான் அங்க துரு ஏறும்.”

இவருடைய காது மடல் சிவக்கிறது. ஸ்பாஞ்சைக் கீழே வைக்கிறார். அட்டையைத் திருப்பிப் போட்டு, மறுபக்கத்தில் நிதானமாக, குண்டு குண்டாக எழுதுகிறார்: ‘போர்க்களத்தில் கைவிடப்பட்ட டாங்கி.’

தோற்றது வண்டியாம். இவர் இல்லை.