யானை கரையேறிடுச்சா?

"யானையைக் கொன்னுட்டியே, பாவி!"

பிரிவியூ தியேட்டரில் படம் முடிந்து விளக்கு எரிந்ததும் மாமா போட்ட முதல் சத்தம் இதுதான்.

மாமா என்றால் லேசுப்பட்ட மாமா இல்லை. பேர் போன சினிமா விமர்சகர். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் அவர் முகம் சுளித்தால், திங்கட்கிழமை தயாரிப்பாளருக்குத் தொண்டையில் சோறு இறங்காது.

யானையைக் கொன்றவள் அவருடைய அக்கா மகள். அவளுக்கு இது முதல் படம். எல்லாரும் சின்ன வயசிலேயே படித்ததாகச் சொல்லிக்கொள்கிற அந்தப் பழைய காட்டு சாகசக் கதையைத்தான் எடுத்திருந்தாள். காட்டில் தொலைந்துபோன பையனைக் கிழட்டு யானை ஒன்று முதுகில் ஏற்றிக்கொண்டு வெள்ளத்தில் நீந்துகிறது. பையன் கரையேறுகிறான். யானை ஆற்றோடு போய்விடுகிறது. அந்தக் கடைசிக் காட்சியை எடுக்க வேண்டும் என்பதற்காகவே வருஷக்கணக்கில் நாயாய் அலைந்தவள் அவள்.

"மாமா, புத்தகத்துல அப்படித்தானே..."

"எனக்கே புத்தகம் சொல்லித் தர்றியா? ஏழு வயசுல படிச்சது. வரிக்கு வரி மனப்பாடம். யானையும் கரையேறும். ஏறி வந்து, தும்பிக்கையால பையனோட தலையைத் துவட்டிவிடும். அதுதாம்மா கதைக்கே உயிர்! அதைப் பிடுங்கிப் போட்டுட்டுப் படம் எடுத்து வெச்சிருக்கே!"

"ஆமாமா, துவட்டிவிடும்" என்றார் கேமராமேன்.

"அந்த இடத்துல நான் தேம்பித் தேம்பி அழுதிருக்கேன் சார்" என்றார் தயாரிப்பாளர். திரைக்கதையைக்கூட இன்னொருத்தரை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்ட மனுஷர்.

அவள் பைக்குள் கையை விட்டாள். புத்தகம் உள்ளேதான் இருந்தது. கடைசி அத்தியாயத்தைப் பிரித்து மாமாவின் மூக்குக்கு நேரே நீட்டினால் விவகாரம் முடிந்தது.

பக்கத்து சீட்டிலிருந்த அம்மா வெடுக்கென்று பையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாமா சொன்னா கேட்டுக்கோயேண்டி. யானை கரையேறும்."

"அம்மா! நீயுமா?"

"ஏறும்னா ஏறும். பேசாம இரு."

பெற்ற தாயே இப்படிக் காலை வாரினால் யாரிடம் போய் முறையிடுவது? "தம்பிக்கு என்னமா ஜால்ரா போடுது பார் அந்தம்மா" என்று பின் வரிசையில் யாரோ முணுமுணுத்தது அவள் காதிலேயே விழுந்தது. அவமானமாக இருந்தது.

வீட்டுக்குப் போனதும் பை கைக்கு வந்தது. புத்தகம் வரவில்லை. அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் அம்மா ஒளித்து வைத்திருந்ததைத் தேடி எடுத்துக்கொண்டு, மறுநாள் தயாரிப்பாளரிடம் ஓடினாள்.

அவர் அட்டையைக்கூடத் திருப்பவில்லை.

"இருக்கட்டும்மா. இந்தப் புத்தகத்தை எவன் படிக்கப் போறான்? உங்க மாமா எழுதுறதைத்தான் படிப்பான். மரியாதையா யானையைக் கரையேத்து. உன்னால முடியலேன்னா சொல்லு, வேற டைரக்டரை விட்டு ஏத்திக்கறேன்."

அழுதுகொண்டே ஏற்றினாள். தலையையும் துவட்ட வைத்தாள்.

போஸ்டரில் கொட்டை எழுத்தில் போட்டார்கள்: 'மூல நூலிலிருந்து இம்மியும் பிசகாத படம்!'

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. யானை தும்பிக்கையைத் தூக்கும்போது தியேட்டர் மொத்தமும் மூக்கை உறிஞ்சியது. அதைக் கேட்கக் கேட்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் அம்மாவோடு பேச்சே இல்லை. 'சாப்பாடு வெச்சிருக்கேன்', 'வேணாம்', அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மாமாவின் விமர்சனம் வந்தது. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவளுக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகப் படித்தாள்.

"'நனைந்த பையனின் தலையை யானை துவட்டிவிடுகிறதே, அந்த இடம்! உலக இலக்கியத்தில் ஊறித் திளைத்த ஒரு மகா மேதைக்குத்தான் இப்படியொரு முடிவு தோன்றும். அதைச் சிதைக்காமல் தந்த என் மருமகளுக்கு ஒரு சபாஷ்.'"

படித்து முடித்துவிட்டு அம்மா சிரித்தாள். அடக்க முடியாமல், கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள்.

மகளுக்குப் பொறுக்கவில்லை.

"சிரிப்பு வேறயா உனக்கு? ஊரைக் கூட்டி என்னைப் பொய் சொல்ல வெச்சாச்சு. அந்தப் புத்தகத்துல யானை செத்துத்தாம்மா போகுது! உன் தம்பி எந்தப் புத்தகத்துல படிச்சார்? அதையாவது சொல்லித் தொலை!"

"அவன் எங்கேடி படிச்சான்? ஏழு வயசுல எழுத்துக்கூட்டவே திணறுவான். நான்தான் படிச்சுக் காட்டினேன்."

"நீயா? அப்போ உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன?" அம்மா பேப்பரை மெதுவாக மடித்தாள். "எங்கப்பா செத்து ரெண்டு நாள் ஆகியிருந்தது. எனக்கே பன்னெண்டு வயசு. குளிச்சிட்டு ஈரத்தலையோட வந்து மடியில படுத்துக்கிட்டான். துவட்டிக்கிட்டே படிச்சேன். கடைசிப் பக்கம் வந்ததும் எனக்கு வாய் வரலை, நிறுத்திட்டேன். எழுந்து உட்கார்ந்து என் மூஞ்சியையே பார்த்தான். 'யானையாவது கரையேறிடுச்சாக்கா?'ன்னு கேட்டான்."

கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தாள்.

"'ஏறிடுச்சுடா'ன்னுட்டேன்."