பாய்ச்சல் எழுத்து

"அமரர் ஊர்திக்கு இந்த எழுத்தா? முடியாதுண்ணே" என்று ஸ்டிக்கர் கடைக்காரி மூன்றாவது முறையாகச் சொல்லிவிட்டாள். ஊர்திக்காரர் நாற்காலியை விட்டு அசையவில்லை.

அவர் கேட்டது 'பாய்ச்சல்' எழுத்தை. அவளே ஆறு மாதம் உட்கார்ந்து வரைந்த எழுத்துரு. நல்ல தடிமன். நுனியில் வால், கொக்கி எதுவும் கிடையாது. மொத்தமாக வலது பக்கம் சாய்ந்து நிற்கும். நிற்கும் என்று சொல்வதுகூடத் தப்பு, ஓடும். ஜிம், கூரியர் வண்டி, பைக் ஷோரூம், ஓட்டப் பந்தய பனியன், இதற்கெல்லாம்தான் அதைக் கொடுப்பாள்.

பல் டாக்டர் ஒருவர் ஆசைப்பட்டுக் கேட்டபோதே, நோயாளியைத் துரத்திப் பிடித்துப் பல்லைப் பிடுங்குகிற மாதிரி இருக்கும் என்று மறுத்தவள் அவள். டாக்டருக்கே கொடுக்காததை இந்த வண்டிக்குக் கொடுத்தால் எழுத்தின் மானம் என்ன ஆவது?

நேராக, மெல்லிசாக, அடக்கமாக இருக்கும் எழுத்தாக எட்டு வகை எடுத்துக் காட்டினாள். ஒவ்வொன்றுக்கும் அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"இது நிக்குதே."

"எழுத்துன்னா நிக்கத்தானேண்ணே செய்யும்?"

"ஓடணும்மா. பார்த்தா வண்டி கிளம்பிட்ட மாதிரி இருக்கணும்."

அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பக்கத்துத் தெருவில் இன்னொருவர் புதிதாக ஊர்தி வாங்கியிருக்கிறார். அவரை முந்திக்கொண்டு போய் நிற்க வேண்டும், நாங்கள்தான் வேகம் என்று ஊருக்குக் காட்ட வேண்டும். சாவு வீட்டிலுமா போட்டி என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதற்கு இந்த அவசரம் என்று நேராகவே கேட்டாள். அவர் காதைச் சொறிந்துகொண்டு, அது வீட்டு விஷயம் என்று மழுப்பினார்.

இதற்குள் வாசலில் நின்ற வண்டி தன் வேலையைக் காட்டத் தொடங்கியிருந்தது. எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டார். விசிட்டிங் கார்டு வாங்க வந்தவர் படியேறாமலே திரும்பிப் போனார். தையல்கடை அம்மா அழுதுகொண்டே உள்ளே நுழைந்து, இவள் உயிரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல், ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.

வண்டி நகர்ந்தால் போதும் என்று ஆகிவிட்டது. எழுத்தின் மானத்தைக் காற்றில் விட்டு, கம்ப்யூட்டரில் 'அமரர் ஊர்தி' என்று அடித்துப் பாய்ச்சலுக்கு மாற்றினாள்.

"இன்னும் கொஞ்சம் சாய்ச்சு விடுங்க."

சாய்த்தாள்.

"இன்னும் கொஞ்சம்."

"அண்ணே, இதுக்கு மேல சாய்ச்சா படுத்துடும்."

"ஐயோ, படுக்க வேணாம்" என்று பதறினார்.

வலது பக்கத்துக்கு இது சரி. இடது பக்கத்தில் ஒட்டினால் எழுத்து வண்டியின் பின்பக்கமாகச் சாயும், ரிவர்ஸில் வருகிற மாதிரி இருக்கும் என்று அவள் தொழில் தெரிந்தவளாக எச்சரித்தாள். அவர் முகம் வெளுத்தது.

"திரும்பி வர்ற மாதிரியா? அது ஆகவே ஆகாது. வலது பக்கம் மட்டும் ஒட்டுங்க. அந்தப் பக்கம் தெரியற மாதிரியே நான் நிறுத்திக்கறேன்."

போட்டி தலைக்கேறினால் மனிதர்கள் இப்படியும் ஆவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஒட்டுவதற்கு அவர் வீட்டுக்கே போனாள். குறுகலான சந்து. அவர் வீட்டு ஜன்னலுக்கு நேரே வண்டி நின்றது. வேறு எங்கே நிறுத்தினாலும் அக்கம்பக்கத்தார் விரட்டுகிறார்கள் என்று ஊர்திக்காரர் வருத்தப்பட்டார். அந்த அக்கம்பக்கத்தாருக்கு மனதுக்குள் ஒரு சபாஷ் போட்டுவிட்டு அவள் ஸ்டிக்கரை வைத்துத் தேய்த்தாள். மேல் தாளை உரித்ததும் கறுப்பு வண்டியில் வெள்ளை எழுத்து பளிச்சென்று பாய்ந்தது. அவள் எழுத்துதான், என்ன இருந்தாலும் அழகாகத்தான் இருந்தது.

ஜன்னலுக்குள் கட்டிலில் ஒரு பெரியவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஊர்திக்காரரின் மனைவி பக்கத்தில் நின்று, "ஒரு வாயாவது சாப்பிடுங்கப்பா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். மாமனாருக்கு ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம், உடம்பில் இப்போது ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியும் சாப்பாட்டைத் தொடவே மாட்டேன் என்கிறார் என்று ஊர்திக்காரர் மெதுவாகச் சொன்னார்.

பெரியவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வண்டியையே வெகுநேரம் பார்த்தார்.

"என்னைக் கூட்டிட்டுப் போகத்தான் ரெண்டு மாசமா இங்கயே நிக்குதுன்னு இருந்தேன்" என்றார் மகளிடம்.

ஊர்திக்காரர் தரையைப் பார்த்தார். அவரைப் பற்றி என்னவெல்லாம் நினைத்தோம் என்று ஸ்டிக்கர் கடைக்காரிக்கு வெட்கமாகப் போய்விட்டது.

உள்ளே பெரியவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அது பாட்டுக்கு வேற யார் வீட்டுக்கோ கிளம்பிடுச்சு. சாப்பாட்டைப் போடும்மா."