டீப்பாய்க்குள் ஓடிய ரயில்

ஞானமுத்து தன் டீப்பாயின் மேல்பலகையைக் கழற்றி, உள்ளே ஒரு மலையும் தண்டவாளமும் அமைத்து, ஒரு பொம்மை ரயிலை ஓடவிட்டு, கண்ணாடியால் மூடினார். அன்றிலிருந்து காபி குடிக்கும்போதும் அவர் கண் அந்தக் குட்டி ரயிலின் மேலேயே இருந்தது.

காபி டம்ளருக்கு அது பொறுக்கவில்லை. “பதினெட்டு வருஷமா அவர் உதடு வரைக்கும் போய் வர்றவன் நான். என்னை ஏறெடுத்தும் பார்க்கிறதில்லையே, அக்கா” என்றது.

“அவனாவது ஓடுறான். நீ என்ன செய்றே, தம்பி?” என்று சிரித்தது டபரா.

மறுநாள் காலை அவர் டம்ளரைக் கண்ணாடியின் மேல் வைத்ததும், அது தன் ஈர அடிப்பாகத்தின் சூடு முழுவதையும் இறக்கியது. கண்ணாடியில் ஆவி படிந்து ரயில் மறைந்தது. ‘இனி யாரைப் பார்ப்பார்?’ என்று டம்ளர் காத்திருந்தது.

ஞானமுத்து குனிந்து பார்த்தார். “அட, குன்னூர்ல பனி இறங்கின மாதிரியே இருக்கே” என்றார்.

அதன்பின் தினமும் டம்ளரில் கொதிக்கும் வெந்நீரை நிரப்பி, மலைக்கு நேர் மேலே வைத்தார். பனிக்குள் ரயில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே, தன் காபியை டபராவில் ஊற்றிக் குடித்தார்.