தலைநகர் இதுதான்
புல்வெளி மேட்டில் ஒபதியா கிரீவ் குதிரையை நிறுத்தினார். அமெரிக்காவின் மேற்குக் கோடியிலிருந்த தன் ஊரை மாவட்டத் தலைநகராக்க, குளிர்காலம் முழுக்கச் சட்டசபையில் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசி ஜெயித்துவிட்டு வருகிறார். கீழே ஊரே இல்லை. புல்லுக்குள் வாசற்படிகள் மட்டும் வரிசையாகக் கிடந்தன. மிஞ்சி நின்ற ஒரே வீடு அவருடையது.

குதிரையைக் கீழே விரட்டி வந்தார். வாசலில் மனைவி டாபிதா நின்றாள். “ரயில் ஆத்துக்கு அந்தப் பக்கம்தான் வருதாம். ஆளாளுக்கு அவங்கவங்க மரவீட்டை அப்படியே உருளைக்கட்டைல ஏத்தி, மாடு பூட்டி இழுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.”

“சர்ச்சு?”

“அதுதான் முதல்ல போச்சு.”

“தலைநகர் இதுதான், டாபிதா. சட்டமே போட்டாச்சு.”

வீட்டோடு பிணைத்திருந்த மாடுகளை அவள் திரும்பிப் பார்த்தாள்.

“இதுங்களால மட்டும் ஆகாது. இறங்குங்க, குதிரையையும் பூட்டணும்.”