கன்னியாகுமரி வேண்டாம்

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் மங்களாம்பிகை முதல் தடவையாகப் புருஷனிடம் ஒரு சேதியை மறைத்தாள். அதுவும் சின்னச் சேதி இல்லை.

காலையில் வக்கீல் குமாஸ்தா போன் செய்திருந்தான். "பன்னெண்டாந்தேதி ஐயா நேர்ல வந்து சாட்சி சொல்லணும்மா. இதுதான் கடைசி வாய்தா. வரலேன்னா கேசு தள்ளுபடி, நிலம் உங்க நாத்தனாருக்கே போயிடும். மறக்காம சொல்லிடுங்க."

"சொல்லிடறேன் தம்பி," என்றாள். சொல்லவில்லை.

கேசு போட்டவர் அவள் புருஷன் பஞ்சநதம். எதிராளி அவருடைய கூடப்பிறந்த தங்கை பிரகதாம்பாள். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, வாய்க்காலோரம் ரெண்டு ஏக்கர் வரும் ஆறு மா நிலத்தை வைத்துக் கஞ்சி குடிக்கிறவள். பட்டா மட்டும் அண்ணன் பேரில் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் தண்ணீர் பாய்ச்சுவதில் தகராறு வந்து, "இது எங்கப்பன் சொத்து, உன் தயவு இல்ல," என்று நாலு பேர் நடுவில் அவள் சொல்லப்போக, "கோர்ட்டுல பாத்துக்கறேன்," என்று இவர் கிளம்பிவிட்டார். அப்பன் சொத்தில் ரோஷம் மட்டும் ரெண்டு பேருக்கும் தாராளமாகவே கிடைத்திருந்தது.

அந்த ஆறு மாவும் போனால் பிரகதாம்பாள் எங்கே போவாள்? இன்றைக்குத் தேதி ஆறு. பன்னிரண்டு கழியும்வரை மனுஷனை ஊரைவிட்டு நகர்த்திவிட வேண்டும்.

அதற்கென்றே வந்ததுபோல் வாசலில் நின்றது கேரவன்.

சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த மகன் செல்லதுரை பத்து நாளைக்கு வாடகைக்குப் பிடித்து வந்த வண்டி. உள்ளேயே கட்டில், அடுப்பு, பிரிட்ஜ், கக்கூஸ். தெருவே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. மங்களாம்பிகையே ஏழெட்டுத் தடவை ஏறி இறங்கிவிட்டாள். மேட்டூர் திறக்காமலேயே குழாயில் தண்ணீர் கொட்டுவது அவளுக்கு அதிசயமாக இருந்தது.

அறுவடை முடிந்து, நெல்லும் கொள்முதல் நிலையத்துக்குப் போயாயிற்று. எங்கே போவது என்று முடிவு செய்வதுதான் பாக்கி.

"வேளாங்கண்ணி, நாகூர், அப்படியே கோடியக்கரை," என்றான் செல்லதுரை, போனில் மேப்பைப் பார்த்தபடி.

"அங்கெல்லாம் பஸ்ஸுலயே போயிட்டு வந்துடலாமே. அதுக்கா இவ்வளவு பெரிய வண்டி?"

"அப்ப கொடைக்கானல். மூணு நாள் இருந்துட்டு வரலாம்."

மூன்று நாளா? ஒன்பதாம் தேதி வீட்டில் வந்து உட்கார்ந்துவிடுவாரே.

"எனக்குக் குளிரு ஒத்துக்காதுடா. நான் கடலுதான் பாக்கணும்."

"இப்பதானேம்மா வேளாங்கண்ணி வேண்டாம்னே?"

"அது சூரியன் கிளம்புற கடலு. எனக்குச் சூரியன் கடலுக்குள்ள முங்குறதைப் பாக்கணும்."

செல்லதுரை குஷியாகிவிட்டான். "அப்ப கன்னியாகுமரி. கிளம்புறதும் தெரியும், முங்குறதும் தெரியும். நாலே நாள்ல போயிட்டு வந்துடலாம்."

அவளுக்குத் திக்கென்றது. சும்மா இருக்காமல் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

"அங்க... காத்து அதிகம்."

"கடற்கரைன்னா காத்து இல்லாம இருக்குமாம்மா?"

அதுவரை வண்டியின் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பஞ்சநதம் திரும்பினார்.

"உங்கம்மா சொல்றது சரிதான். அங்க காத்து ஆளைத் தூக்கும். வேற ஊரு சொல்லு."

அவள் சொன்னது சரி என்று அவர் வாயால் கேட்டதும் அன்றைக்குத்தான் முதல் தடவை.

"கோவா இருக்குப்பா. ஆனா போகவே ரெண்டு நாளு ஆகும். பத்து நாளும் அதுக்கே சரியாப் போயிடும்."

"கோவாவே போவோம்," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

செல்லதுரை அவர்களை மாறி மாறிப் பார்த்தான். "அங்க வெள்ளைக்காரங்க அரைகுறையாத் திரிவாங்க. அப்புறம் என்னைத் திட்டக்கூடாது."

"திரியட்டுமே. நாம சூரியனைத்தானே பாக்கப் போறோம்," என்றாள் மங்களாம்பிகை. அவள் கால் தரையில் பாவவில்லை. பரபரவென்று புளிச்சோறு கிளறினாள், ஊறுகாய் ஜாடியைத் துணியில் சுற்றினாள், மனுஷன் மனசு மாறுவதற்குள் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

திருச்சி தாண்டியதும் செல்லதுரை கட்டிலில் படுத்துத் தூங்கிப்போனான். அவள் வண்டி அடுப்பில் டீ போட்டாள். ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷம் ஒரு பக்கம். கட்டின புருஷனை ஏமாற்றுகிறோமே என்ற உறுத்தல் இன்னொரு பக்கம். டம்ளரை எடுத்துக்கொண்டு முன்னால் போனவள், பேச்சுக் குரல் கேட்டு நின்றாள்.

"தம்பி, பன்னெண்டாந்தேதி காலைல நாம எங்க இருப்போம்?" பஞ்சநதம் டிரைவர் நடராசனைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கோவாவுலதான் இருப்போம் ஐயா."

"அன்னிக்குக் காலைல வண்டியைத் திருப்பினா, கோர்ட்டு முடியறதுக்குள்ள ஊருக்கு வந்துட முடியுமா?"

"பறந்தாக்கூட இந்த வண்டி வராதுங்க. ஏன், அவசர வேலையா?"

"இல்ல. வர முடியாதுல்ல, அது போதும்."

டம்ளரில் இருந்த டீ தளும்பிக் கையைச் சுட்டது. "ஏங்க, உங்களுக்குத் தேதி தெரியுமா?" என்றாள்.

பஞ்சநதம் திரும்பி அவளைப் பார்த்தார். திருட்டுத்தனம் பிடிபட்டவர்போல் மீசையைத் தடவினார்.

"போன வாய்தாவுலயே தேதி சொல்லிட்டாங்க. ரெண்டு தடவை ஆள் அனுப்பிட்டேன் மங்களம், நிலத்தை நீயே வச்சுக்கன்னு. அண்ணன் போடுற பிச்சை வேணாம்னுட்டா. குடுத்தா என் தங்கச்சி வாங்க மாட்டா, ஜெயிச்சாத்தான் வாங்கிக்குவா."